பேப்பரில் 1 மில்லி மீட்டர். வீட்டில் 4 அங்குலம்!
பத்தாவது முடித்தவர்களுக்கு டிராப்ட்ஸ்மேன் படிப்பு

வீட்டு பிளானில் ஒரு கோடு 1 மில்லி மீட்டர் தள்ளிப் போய்விட்டது. "நூல் அளவுதானே, விடுப்பா!" என்று விட்டுவிட முடியுமா?

முடியாது! வீட்டு பிளான் பெரும்பாலும் 1-க்கு 100 என்ற அளவில் வரையப்படுகிறது. பேப்பரில் 1 மில்லி மீட்டர் என்றால் மனையில் 10 சென்டி மீட்டர். ஏறக்குறைய 4 அங்குலம்! பீரோ வைக்க ஒதுக்கிய மூலையில் பீரோ நுழையாது. பழி கொத்தனார் தலையில் விழும்.

இந்தக் கோட்டைச் சரியாகப் போடக் கற்றுக் கொடுப்பதுதான் டிராப்ட்ஸ்மேன் படிப்பு.

செலவு அதிகம் இல்லை

ஐ.டி.ஐ.யில் கட்டிடப் பட வரைவாளர் பயிற்சி 2 ஆண்டு. 10-ம் வகுப்பு பாஸ் செய்த பையன்களும் சேரலாம், பெண்களும் சேரலாம். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் தருகிறார்கள். மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு.

பள்ளியிலேயே படிக்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ்-2 வந்தபோதே தொழிற்பிரிவும் வந்துவிட்டது. அதில் கட்டிடப் பொறியியல் பாடம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. விசாரித்துச் சேர வேண்டும்.

முதலில் பென்சில்

டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், கூராகச் சீவிய பென்சில். இதுதான் ஆரம்பப் பாடம்.

கட்டிடத்தை மேலிருந்து பார்த்தால் பிளான். எதிரே நின்று பார்த்தால் எலிவேஷன். பூசணிக்காயை வெட்டின மாதிரி நடுவே வெட்டிப் பார்த்தால் செக்ஷன். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு முழுக்கோடு. மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டு விட்டுப் போடும் கோடு. இதற்கெல்லாம் இந்திய தர நிறுவனம் 1988-ல் எஸ்.பி.46 என்று ஒரு விதிப் புத்தகமே போட்டது. அதன்படி சென்னையில் வரைந்த படம் டெல்லியிலும் புரியும்.

பரணுக்குப் போன டி-ஸ்கொயர்

1982-ல் ஆட்டோகேட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆபீஸ்களில் டி-ஸ்கொயர் பரணுக்குப் போனது. போர்டை மட்டும் நம்பியவர்கள் திண்டாடினார்கள்.

இன்று கதை தலைகீழ். அவசர கோர்சில் கம்ப்யூட்டர் மட்டும் கற்றவருக்குக் கோடு போடத் தெரியும். மாடிப்படி ஏறும்போது தலை பீமில் இடிக்குமா என்று பார்க்கத் தெரியாது! சொன்ன இடத்தில் கம்ப்யூட்டர் கோடு போடும். எங்கே போடணும் என்று ஆள்தானே சொல்ல வேண்டும்? அதனால்தான் இரண்டும் தேவை.

ஏமாறும் இடம் எது?

பில்டர், என்ஜினீயர் ஆபீஸ்களில் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு வேலை உண்டு. ஆனால் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலர் ஆக டிப்ளமோ கேட்பார்கள். ஐ.டி.ஐ.யோடு நின்றுவிட்டால் அந்தக் கதவு திறக்காது.

அதற்கும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவரும், பிளஸ்-2 தொழிற்பிரிவு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டு சேரலாம். மேலும் 2 ஆண்டு படித்தால் டிப்ளமோ கையில்!

"ஐ.டி.ஐ.தானா?" என்று உதட்டைப் பிதுக்கும் பெற்றோர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே!