ஆன்டெனாவின் மின்எதிர்ப்பும் பொருத்தமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபொழுது தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. அவ்வேளையில் போர்ட் பிளேரில் அமெச்சூர் ரேடியோ நிலையம் அமைத்து இயக்கிவந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்திற்கு அனுப்பி உதவினர் என்பதை நாம் அறிவோம். 'ஹாம்' எனச் சுருக்கமாக அழைக்கப்பெறும் இவ்வானொலி ஆர்வலர்தம் கருவிகளுள் தோற்றத்தால் மிக எளியது ஆன்டெனாவே. சில கம்பிகளும் ஒரு கேபிளும் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆயினும் பரப்பி தரும் ஆற்றல் அலையாய் வெளியேறுமா, வெப்பமாய் வீணாகுமா என்பது பெரிதும் அக்கம்பியைப் பொறுத்ததே. அதனை அளக்கும் முறையையும் பொருத்தும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

முதற்கண் மூன்று கலைச்சொற்களைத் தெளிதல் வேண்டும். மின்தடை ஆற்றலைச் செலவிடுவது. மின்மறுப்பு ஆற்றலைச் சற்றே பிடித்துவைத்துப் பின் திருப்பித் தருவது. மின்தூண்டியில் இது நேர்க்குறி பெறும், மின்தேக்கியில் எதிர்க்குறி பெறும். இவ்விரண்டும் கூடியதே மின்எதிர்ப்பு. இக்கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லை 1886இல் ஆலிவர் ஹெவிசைடு என்னும் அறிஞர் படைத்தார். தடை, மறுப்பு, எதிர்ப்பு என்னும் மூன்றும் உலக வழக்கில் ஏறக்குறைய ஒருபொருட் பன்மொழிகளாய் இருத்தலின் மாணவர் மயங்குவது இயல்பே. கலைச்சொல்லாக்கத்தில் இன்னும் சற்றுக் கருத்துச் செலுத்தியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

ஆன்டெனாவின் மின்தடையிலும் இரு கூறுகள் உள. அலையாய் வெளியேறும் ஆற்றலுக்குரியது கதிர்வீச்சுத் தடை. கம்பியும் சுருளும் மண்ணும் வெப்பமாக்கி விழுங்குவது இழப்புத் தடை. அளவி இவ்விரண்டன் கூட்டுத்தொகையையே காட்டும், பிரித்துக் காட்டாது. இதனை நினைவிற் கொள்ளாதார் பின்னர் ஏமாற நேரும்.

அரை அலைநீள இருமுனை ஆன்டெனாவை எடுத்துக்கொள்வோம். 143 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 20 மீட்டர். நடுவில் பிரிக்க, பக்கத்திற்கு 10 மீட்டர். தடையற்ற வெளியில் இதன் மின்தடை 73 ஓம் அளவினது. நிலத்தை நெருங்க நெருங்க இது மாறும். மொட்டைமாடி உயரத்தில் கட்டிய கம்பி நூலிற் கண்டவாறு நிற்பதில்லை. எனவே கம்பியைச் சற்று நீளமாகவே விட்டு அளந்து, மின்மறுப்பு நேர்க்குறியாயின் சிறிது சிறிதாக வெட்டுக. எதிர்க்குறியாயின் கம்பி குட்டையாகிவிட்டது. மின்மறுப்பு சுழியாகும் நிலையே ஒத்ததிர்வு.

பரப்பியும் கேபிளும் பெரும்பாலும் 50 ஓமுக்கென அமைந்தவை. ஆன்டெனா அவ்வளவினின்று விலகினால் ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வந்து கேபிளில் நிலை அலைகளை உண்டாக்கும். நிலை அலை விகிதம் 2 எனில் திரும்புவது 11 விழுக்காடு. 3 எனில் 25 விழுக்காடு. 73 ஓமுக்கு விகிதம் 1.5க்கும் சற்றுக் குறைவே; அதற்காக வருந்த வேண்டியதில்லை.

அளக்கும் இடமும் இன்றியமையாதது. பரப்பியின் அருகே நின்று அளப்போர் கேபிளையும் சேர்த்தே அளக்கின்றனர். செல்லும்போது பாதி ஆற்றலை விழுங்கும் பழுதுற்ற கேபிள் ஒன்றைக் கருதுக. மறுமுனையில் ஆன்டெனா அறவே இல்லாவிடினும், திரும்பும் அலையும் பாதியாகக் குறைந்து, அளவி 3 என்றே காட்டும்! ஆதலின் இயலுமாயின் ஆன்டெனாவின் அடியிலேயே அளத்தல் வேண்டும். இயலாதெனின், இழப்புக் குறைந்த அரை அலைநீளக் கேபிளைப் பயன்படுத்தலாம். மறுமுனையின் மின்எதிர்ப்பை அது இம்முனையில் அவ்வாறே காட்டும். கேபிளினுள் அலையின் வேகம் குறைவு. திண்ம பாலிஎத்திலீன் கேபிளுக்குரிய 0.66 என்னும் எண்ணால் பெருக்க, 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 13.9 மீட்டராகும். 2019க்குப் பின் மலிவாய்ப் பரவிய கையடக்க வெக்டர் அளவிகள் மின்தடையையும் மின்மறுப்பையும் குறியுடன் காட்டுகின்றன. திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்றாலும் அவற்றை முதலில் அளவுதிருத்தல் வேண்டும்.

இனிப் பொருத்தும் முறை. ஓர் ஆன்டெனா மின்மறுப்பின்றி 200 ஓம் காட்டுகிறது எனக் கொள்வோம். அதன் குறுக்கே 194 பிக்கோஃபாரட் மின்தேக்கியையும், கேபிளின் வழியில் தொடராக 1.94 மைக்ரோஹென்றி மின்தூண்டியையும் இணைத்தால், 7.1 மெகாஹெர்ட்ஸில் கேபிள் காண்பது 50 ஓமே. மின்தேக்கி மிகுதடைப் பக்கத்தில் அமைதல் வேண்டும். சுருளுமின்றிப் பொருத்தவும் வழியுண்டு. ஏறத்தாழ 100 ஓம் கொண்ட முழு அலைநீள வளைய ஆன்டெனாவுக்கும் 50 ஓம் கேபிளுக்கும் இடையே 75 ஓம் கேபிளைக் கால் அலைநீளம் இணைப்பின் போதும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது, முன்கூறிய 0.66ஐக் கணக்கிற் கொண்டு, சுமார் 3.5 மீட்டர். நுரை நிரப்பிய தொலைக்காட்சிக் கேபிளாயின் அலைவேகம் மிகுதியாதலால் நீளமும் கூடும். பரப்பியின் அருகே வைக்கும் பொருத்துப் பெட்டி பரப்பியைக் காக்குமேயன்றிக் கேபிளினுள் நிகழும் இழப்பைத் தடுக்காது.

பொருத்தம் வேறு, திறன் வேறு என்பதே இங்குப் பெரிதும் கருதத்தக்கது. 50 ஓம் மின்தடை ஒன்றைக் கேபிளின் முனையில் கட்டினால் விகிதம் 1 என்று அளவி காட்டும், அலையோ வெளியேறாது. கால் அலைநீளச் செங்குத்துக் கம்பியிலும் இதன் சாயல் உண்டு. குறைவற்ற நிலத்தின் மேல் அதன் மின்தடை 36 ஓம். நிலத்தில் நான்கைந்து கம்பிகளை மட்டும் பரப்பிய ஒருவர் 50 ஓம் கண்டு மகிழ்கிறார் எனக் கொள்வோம். கதிர்வீச்சுத் தடை 36 ஓமே எனின், எஞ்சிய 14 ஓம் மண்ணின் இழப்பு. ஆற்றலில் 72 விழுக்காடே அலையாகிறது. அவர் மேலும் பல கம்பிகளைப் பரப்பினால் மண்ணிழப்புக் குறைந்து, மின்தடை 36ஐ நோக்கி இறங்கும். விகிதமோ 1.4ஐ நோக்கி ஏறும். அளவியை மட்டும் நம்புவார் ஆன்டெனா கெட்டுவிட்டதெனக் கருதிப் புதிய கம்பிகளை அகற்றவும் கூடும். 1.4 என்னும் விகிதத்தில் திரும்பும் ஆற்றல் 3 விழுக்காட்டிற்கும் குறைவே. கம்பிகள் இருந்தவாறே இருக்கட்டும்.