பழைய இரயில் பெட்டியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?



"பாரம்பரியச் சின்னங்களைப் பேணுதல்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? கோயில், கோட்டை, பழைய கட்டடம். அடுத்த பத்தியில் "அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்". அதோடு கட்டுரை முடிந்துவிடும். பேணுவது என்றால் கையால் என்ன செய்வது, எதை வெட்டுவது, எதை விட்டு வைப்பது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் இந்த முறை ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: பழைய இரயில் பெட்டி.

வகுப்பில் இதைத் தொடங்கியபோது ஒரு படிவம் ஐந்து மாணவர் கேட்டார்: "சார், நம்ம சுங்கை ஆயர் தாவார்ல இரயிலே கிடையாது. சபாக் பெர்ணம் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு ஸ்டேஷன் இல்ல. நமக்கு எதுக்கு இது?" நியாயமான கேள்விதான். பதில் கட்டுரையின் கடைசியில் வரும், கொஞ்சம் பொறுங்க.

முதலில் ஒரு கதை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தாலிலின் என்றொரு சின்ன இரயில் பாதை. 1865இல் கற்பலகைச் சுரங்கத்துக்காகப் போட்டது. நீளம் சுமார் 12 கிலோமீட்டர். சுரங்கம் மூடிய பிறகும் அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லி, நட்டத்திலேயே ஓட்டி வந்தார். 1950 ஜூலையில் அவர் காலமானார். பாதையைப் பிரித்துப் பழைய இரும்புக்கு விற்க வேண்டிய நிலை. அப்போது டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் போட்டார்கள். சங்கம் அமைந்தது. 1951 மே மாதம் தொண்டூழியர்களே வண்டியை ஓட்டினார்கள். உலகில் தொண்டூழியர்கள் காப்பாற்றி நடத்திய முதல் இரயில் பாதை அதுதான். வேறொரு மூடிய பாதையிலிருந்து இரண்டு இன்ஜின்களை ஆளுக்கு 25 பவுன் கொடுத்து வாங்கினார்கள் என்றால் பாருங்களேன்! தொடக்க காலத்துப் பயணிகள் பெட்டிகள் 150 ஆண்டு தாண்டியும் இன்றும் அங்கே ஓடுகின்றன.

உங்கள் வீட்டுக் குட்டிகள் பார்க்கும் "தாமஸ்" இரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் அங்கே தொண்டூழியராக வேலை செய்தவர்தான். ஒருநாள் கார்டாக இருந்தபோது, தேநீர் விற்கும் அம்மாவை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டாராம். அது பிறகு அவர் கதை ஒன்றிலும் வந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய பயணிகள் பெட்டி என்பது இரண்டு அடுக்கு. கீழே இரும்பால் ஆன அடிச்சட்டமும் சக்கரங்களும். மேலே மரக்கூடு, பெரும்பாலும் தேக்கு. அந்தக் கூட்டின்மேல் மரப்பலகையோ இரும்புத் தகடோ அடித்திருப்பார்கள். கூரையோ பலகைமேல் கித்தான் துணி ஒட்டி, கெட்டியாகப் பெயிண்ட் பூசியது.

இந்தப் பெட்டிக்கு முதல் எதிரி தண்ணீர்தான். கூரைக் கித்தானில் ஒரு சின்னக் கிழிசல் போதும். தண்ணீர் கீழே புகுந்து பலகைக்கு நடுவே தங்கும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இன்னொரு வழி சன்னல். பழைய பெட்டியில் கண்ணாடியைக் கீழே இறக்கினால் அது கதவுக்குள் இருக்கும் பொந்துக்குள் போகும். மழைத்தண்ணீரும் அதே வழியாகப் போகும். அது வெளியேற அடியில் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். இருபது வருடத் தூசி அந்த ஓட்டையை அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளேயே நின்று கதவின் அடிக்கட்டையை உளுத்துப் போகச் செய்யும். அதனால் அனுபவசாலிகள் பெட்டியைப் பார்க்க வந்தால் மேலே அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். குனிந்து, கதவடியில் ஒரு கூரான கருவியால் குத்திப் பார்ப்பார்கள். வெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கினால் வேலை பெரிது என்று அர்த்தம்.

மரத்தின்மேல் இரும்புத் தகடு அடித்த பெட்டி என்றால் இன்னும் மோசம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுக்கு நடுவே துரு ஏறினால் அது ஆப்பு அடித்தது போலத் தகட்டை வெளியே தள்ளும், ஆணித்தலை தெறித்துவிடும். நம் நாட்டு வெயிலும் மழையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கரையான் வேறு. ஆகவே எந்த அருங்காட்சியகமும் முதலில் திரட்ட வேண்டிய பணம் பெயிண்டுக்கு அல்ல, கூரைக்கு. புதுப் பெயிண்ட் அடித்துத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சில ஆண்டில் பெட்டி மறுபடியும் பழைய நிலைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் அது பேணுதலே அல்ல.

கூரை கிடைத்த பிறகும் சுத்தியலைத் தொடக்கூடாது. படம் எடுக்க வேண்டும், அளவு எடுக்க வேண்டும், கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிய சீட்டுக் கட்ட வேண்டும். இடப்பக்க இரண்டாம் கதவின் மேல்கீல் என்று எழுதாமல் டப்பாவில் போட்டால், மூன்று வருடம் கழித்துப் பொருத்தப்போகிறவர் வேறொருவராக இருப்பார். தொண்டூழிய வேலையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பது வழக்கம். நோட்டுப் புத்தகம்தான் மாறாத ஆள்.

பெயிண்டைச் சுரண்டுவதிலும் ஒரு முறை உண்டு. ஓரிடத்தில் மட்டும் வட்டமாக, மெல்லத் தேய்ப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு காலத்து நிறமும் வளையமாகத் தெரியும்: மேலே பழுப்பு, அடியில் பச்சை, அதற்கும் அடியில் வேறொன்று. சில சமயம் பழைய வண்டி எண்ணும் எழுத்துகளும் வெளிவரும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூளைச் சுவாசிக்கக்கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

உளுத்த மரத்தை என்ன செய்வது? முழுக்கட்டையையும் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுலபம். நல்ல பட்டறை அப்படிச் செய்யாது. கெட்ட பகுதியை மட்டும் சாய்வாக வெட்டி, அதே வகை மரத்தில் அதே சாய்வில் துண்டு செதுக்கி ஒட்டுப் போடுவார்கள். வேட்டிக்கு ஒட்டுப் போட்ட பாட்டி கதைதான்.

சக்கரத்தை மாணவர்களுக்கு விளக்குவது எளிது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படி ஏற்றுவார்கள்? பட்டையை நெருப்பில் சுடவைத்தால் அது விரியும். மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். பழைய இரயில் சக்கரத்தின் வெளிவளையமும் இதே தத்துவத்தில்தான் ஏற்றப்படுகிறது. வளையத்தில் விரிசல் உண்டா என்று அறியச் சுத்தியலால் தட்டுவார்கள். 'டிங்' என்று நீளமாகப் பாடினால் நல்லது. 'டப்' என்று அடங்கினால் சந்தேகம். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே காதுதான்.

தடை, அதாவது பிரேக், கொஞ்சம் யோசிக்க வைக்கும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் வெற்றிட பிரேக். வண்டி முழுக்க ஒரு குழாய் ஓடும். இன்ஜின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஓர் உருளை, அதற்குள் ஒரு தண்டு. தண்டின் மேலும் கீழும் காற்று இல்லாதபோது அது தன் எடையால் கீழே கிடக்கும். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும். குழாய்க்குள் காற்றை விட்டால் அது தண்டுக்குக் கீழே மட்டும் புகும். மேலே இன்னும் வெற்றிடம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே தண்டை மேலே தள்ளி பிரேக்கை இறுக்கும். அப்படியென்றால் நடு வழியில் பெட்டி அறுந்துவிட்டால்? குழாயும் அறும், காற்று தானாகப் புகும், இரண்டு பாதியும் தானாக நிற்கும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அறிவியல் ஆசிரியர்கள் காற்றழுத்தம் நடத்தும்போது இதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

இதே வேலைகளை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் நீலகிரி மலை இரயிலைச் சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல், ஊட்டிவரை 1908இல் வந்தது, 46 கிலோமீட்டர். நம் நாட்டு இரயிலைப் போலவே ஒரு மீட்டர் அகலப் பாதை. 12 அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து இருப்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் உண்டு. இன்ஜினின் பற்சக்கரம் அதைப் பிடித்து ஏறும். இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய நீராவி இன்ஜின்கள் தேய்ந்துபோனபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே மாதிரியில் புதிய இன்ஜின்களைச் செய்தார்கள்.

இங்கேதான் விவாதம். புதிதாகச் செய்தது பழைய இன்ஜின் ஆகுமா? ஆகாது என்பவர்கள் உண்டு. நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஓடுகிற வண்டியில் பாகம் தேயும், மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் கைத்திறனும் பாரம்பரியம்தானே! ஆனால் அசல் இன்ஜின் ஒன்றையாவது தொடாமல் வைக்க வேண்டும். மாணவர்களே, இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் எழுதுங்கள்: இருப்பதை மேலும் கெடாமல் காப்பது பேணுதல், பழைய நிலைக்குக் கொண்டுவருவது புதுப்பித்தல், இல்லாததைத் திரும்பச் செய்வது மறு உருவாக்கம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

எதைப் பேணுவது என்ற கேள்வியும் சும்மா இல்லை. கவர்னர் போன சொகுசுப் பெட்டியை எல்லாரும் காப்பாற்ற விரும்புவார்கள். சரக்குப் பெட்டியை யார் கேட்கிறார்கள்? ஜப்பானியர் காலத்தில், 1942-43இல், 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். போனது சரக்குப் பெட்டிகளில். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களும் அங்கே போயின. திரும்பி வராதவர்கள் ஏராளம். அப்படியொரு இரும்புச் சரக்குப் பெட்டி கையில் கிடைத்தால், அதன் நெளிவையும் கீறலையும் தட்டி நிமிர்த்திப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பீர்களா? அங்கே துருவை நிறுத்திவிட்டு, தழும்பை அப்படியே விடுவதுதான் சரி. கதவை மூடி, உள்ளே ஐந்து நிமிடம் மாணவர்களை நிற்கச் சொன்னால் போதும். வேறு பாடம் வேண்டாம்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு ஸ்டேஷன் இல்லைதான். ஆனால் பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராட்டா தோட்டம். அங்கே செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகக் குறுகிய தண்டவாளத்தில் சின்ன இரயில் ஓடுகிறது. நிலக்கரிக்காகக் குவாங்கிலிருந்து பத்து ஆராங்குக்கு ஒரு கிளைப்பாதையும் இருந்தது. அந்தச் சுரங்கம் 1915இலிருந்து 1960வரை இயங்கியது. செந்தூல் இரயில் பட்டறையில் உழைத்த தமிழர் குடும்பங்கள் எத்தனை! உங்க தாத்தாவோ பெரியப்பாவோ தண்டவாளக் கட்டை மாற்றியிருக்கலாம், டிராலி தள்ளியிருக்கலாம். பெட்டியைப் பிறகுகூடப் பழுது பார்க்கலாம். அதை ஓட்டியவர், தள்ளியவர், தட்டிப் பார்த்தவர் சொல்வதை இப்போதே எழுதாவிட்டால் அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

ஆகவே இந்த விடுமுறையில் ஒரு வேலை. வீட்டில் வயதானவர்களிடம் உட்கார்ந்து, இரயில் பற்றியோ தோட்டத்து டிராலி பற்றியோ கேளுங்கள். "எந்த வருஷம் தாத்தா?" என்று தொடங்காதீர்கள், வருடம் யாருக்கும் நினைவிருக்காது. "சாப்பாட்டை எங்கே வச்சு சாப்பிட்டீங்க? மழை வந்தா என்ன செய்வீங்க? அந்தச் சாமானுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள், மலாய் கலந்திருந்தாலும் சரி. தோட்டத்தில் பழைய தண்டவாளத் துண்டோ சக்கரமோ கிடந்தால் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். வண்டி ஓடும் பாதைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள், அளவு தெரியும். படத்தின் பின்னால் இடம், தேதி, சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.