உங்களுக்குத் தெரியுமா? மூழ்கியும் சாகாத நெல்

வெள்ளத்தில் முழுக்க மூழ்கிய நெற்பயிர் எப்படியாவது தலையை வெளியே நீட்டப் பார்க்கும். இருப்பிலுள்ள சர்க்கரையை எல்லாம் கரைத்து மளமளவென்று உயரும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். ஒடிசாவிலிருந்து வந்த பழைய ரகமான எஃப்.ஆர்.13ஏ அந்த அவசரமே படாது. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். சோம்பல் என்பதா, சாமர்த்தியம் என்பதா? இதற்குக் காரணமான சப்1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அதை ஏற்றிய ‘ஸ்வர்ணா சப்1’ 2009-இல் இந்திய வயல்களுக்கு வந்தது. காவிரி டெல்டாவில் அதே மரபணுவுள்ள சி.ஆர்.1009 சப்1 ரகம் பயிராகிறது. விதைத்ததுமே, முளை விடும் முன் வயல் மூழ்கினாலோ இந்த மரபணு கைகொடுப்பதில்லை.