முண்டாசு கட்டிய பொம்மை

எட்டயபுரம் போகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, 1882-ல் பாரதியார் பிறந்த வீடு. மற்றொன்று, அவருக்குக் கட்டிய மணிமண்டபம்.

மணிமண்டபம் கட்ட "கல்கி" ரா. கிருஷ்ணமூர்த்தி தம் பத்திரிகை மூலம் வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947-ல் அவரே திறந்து வைத்தார்.

மண்டபத்துச் சிலையை வீட்டுக்குத் தூக்கி வர முடியுமா? முடியாது. ஆனால் அதே முண்டாசு, அதே மீசை, அதே கறுப்புக் கோட்டு, ஒரு சாண் உயரத்தில் கடையிலே நிற்கின்றன! நவராத்திரி நெருங்கியதும் கொலுப் பொம்மைக் கடைகளில் பாருங்கள். காந்தி, நேரு வரிசையில் பாரதியும் இருப்பார். சிறிய மண் பொம்மை என்றால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கல்லில் ஒரு சிலை செதுக்க மாதக் கணக்காகும். கூலியும் ஏறும். மண் பொம்மை மட்டும் எப்படி மலிவு?

அச்சுதான் காரணம்.

ஓர் அச்சு, பல பொம்மை

கைதேர்ந்த ஒருவர் முதலில் ஓர் உருவம் செய்கிறார். கண், மூக்கு, துணி மடிப்பு எல்லாம் அவர் கைவேலை. அந்த உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி, முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு எடுக்கிறார்கள். பிசைந்த களிமண்ணை இரண்டிலும் அப்பி, ஓரங்களில் குழைசேறு தடவி ஒட்டுகிறார்கள். உள்ளே கூடு. அதனால் மண்ணும் மிச்சம், கனமும் குறைவு. நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள்.

முதல் உருவத்துக்கு ஆன செலவு, அதே அச்சில் பிறக்கும் எல்லாப் பொம்மைகளின் தலையிலும் பங்காகி விழுகிறது. மலிவின் ரகசியம் இதுதான்.

சீமையிலும் இதே கதை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற இடத்தில் குயவர்கள் விக்டோரியா ராணி முதலானோரைப் பீங்கான் பொம்மைகளாக அச்சில் வார்த்தார்கள். சாதாரணக் குடும்பத்தார் வாங்கிக் கணப்புக்கு மேலே உள்ள பலகையில் வைத்தார்கள். சுவரை ஒட்டி நிற்கப் போகும் பொம்மைதானே? முதுகைத் தட்டையாக விட்டு, அங்கே வண்ணமும் பூசாமல் செலவைக் குறைத்தார்கள்!

கரிசல் மண் ஆகாது

எட்டயபுரத்தைச் சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தி விளையும், கம்பு விளையும். ஆனால் அந்த மண்ணை மட்டும் பிசைந்து பொம்மை செய்தால் நிற்காது. ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் புஞ்சை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பொம்மைக்குக் கண்மாய்க் களிமண் வேண்டும். அதைச் சலித்து, அளவாக மணல் கலக்க வேண்டும்.

தென்சீமையில் இந்தத் தொழிலுக்குப் பேர் பெற்றது மதுரையை அடுத்த விளாச்சேரி. மண்பாண்டம் செய்த குடும்பங்கள் அங்கே கொலுப் பொம்மையும், பிள்ளையாரும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய உருவங்களும் செய்கின்றன. மண்ணில் மட்டுமல்ல, காகிதக் கூழிலும் செய்கிறார்கள்.

இதில் கஷ்டம் எங்கே இருக்கிறது? செய்வது பல மாதம், விற்பது சில வாரம். அதுவரை மண்ணுக்கும் விறகுக்கும் வண்ணத்துக்கும் போட்ட பணம் பரணிலே முடங்கிக் கிடக்கும். காயவைக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்று போகும். "மண்தானே!" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. விலை மண்ணுக்கு அல்ல, முகம் எழுதும் கைக்கு.

எந்த முகம்?

பாரதியின் புகைப்படங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. அவையும் கறுப்பு வெள்ளைதான். நம் மனத்தில் பதிந்த முண்டாசு முகத்தை வண்ணத்தில் தீட்டிப் பரப்பியவர் ஓவியர் ஆர்யா. கே. பாஷ்யம் என்பது இயற்பெயர். 1932-ல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடியைப் பறக்கவிட்ட அதே பாஷ்யம்தான்!

முண்டாசும் மீசையும் இருந்தால் குழந்தைகூட "பாரதி!" என்று சொல்லிவிடும். அதனாலேயே சில பொம்மைகளில் முகத்தைக் கவனிப்பதில்லை. கடையில் பத்துப் பாரதிகள் நின்றால் கண்ணைப் பார்த்து எடுங்கள். பார்வை கலைந்திருந்தால் அது வேண்டாம். பத்தும் ஒரே அச்சுதான், ஆனால் கண் எழுதுவது கை.

எட்டயபுரம் கொலுவுக்குத் தந்தவர் பாரதி மட்டுமல்ல. சங்கீத மும்மூர்த்திகள் பொம்மைகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானது இங்கேதான். அவர் சமாதியும் இங்கே இருக்கிறது. நவராத்திரியில் பாடும் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை.

வருஷத்துக்கு ஒன்று

கொலு வைக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் புதிதாக ஒரு பொம்மையாவது வாங்குவார்கள். நல்ல வழக்கம்! ஒரே நாளில் இருபது பொம்மை வாங்க எல்லாராலும் முடியாது. இருபது வருஷத்தில் வாங்கலாம். "இது பெரியவள் பிறந்த வருஷம் வாங்கியது, இது தம்பி வேலைக்குப் போனபோது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் சேர்ந்துவிடும். கொலு வைக்காத வீட்டிலும் அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்காதா?

வாங்கும்போது சுட்ட மண் பொம்மையை விரலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம். கழுத்தும் கைவிரலும்தான் முதலில் உடையும் இடங்கள். காகிதக் கூழ் பொம்மை விழுந்தால் எளிதில் உடையாது. ஆனால் தண்ணீரும் கரையானும் அதற்கு எமன். பிளாஸ்டர் பொம்மை மலிவு, ஆனால் ஈரம் தாங்காது. எதையும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகு, மற்றவற்றை எடுத்து வைக்கும் வேலை வரும். பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றுங்கள். கனமான மண் பொம்மைகள் பெட்டியின் அடியில். காகிதக் கூழ் பொம்மைகள் மேலே.