'ஏசியன்' கட்டத்தில் ஒரு டிக்

அமெரிக்காவுக்குப் போன புதிதில் ஒரு படிவத்தில் 'ஏசியன்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஊரில் சாதி கேட்டிருக்கிறார்கள், மதம் கேட்டிருக்கிறார்கள்; 'நீ ஆசியக்காரியா?' என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு டிக்கையே ஆய்வாக்கலாம். தன் அனுபவத்தைத் தரவாகக் கொண்டு தன் சமூகத்தைப் படிக்கும் இந்த முறைக்குத் தன்-இனவரைவியல் என்று பெயர். கொரிய அமெரிக்க ஆய்வாளர் ஹீவோன் சாங் 2008இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். நான் கைக்கொள்ளும் படிகள் இவை.

1. ஒரு காட்சியைப் பிடியுங்கள். முழு வாழ்க்கையையும் எழுத உட்காராதீர்கள். யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், கை எங்கே நின்றது என்று ஒரே மூச்சில் எழுதுங்கள். விளக்கம் அப்புறம்.

2. நினைவைச் சோதியுங்கள். பழைய படிவம், கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் எடுங்கள். உடனிருந்தவரிடம் கேளுங்கள். நான் வெகுநேரம் தயங்கியதாக எழுதியிருந்தேன். "நீ யோசிக்கவே இல்லையே, சட்டுனு டிக் போட்டுட்டியே" என்றாள் தோழி. இரண்டையும் குறித்துவைத்தேன். அப்படியானால் தயக்கம் எப்போது வந்தது? அதுவே என் ஆய்வுக் கேள்வி.

3. வரலாற்றோடு சேருங்கள். நாட்குறிப்பு ஆய்வாக மாறுவது இந்தப் படியில்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1920 முதல் 1940 வரை இந்தியர்களை 'இந்து' என்ற இனமாக எழுதினார்கள். சீக்கியரும் முஸ்லிம்களும் அதற்குள்தான். 1923இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1970 கணக்கெடுப்போ இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்தது. 1980இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற கட்டம் வந்தது. இதற்கிடையே, 1968இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் 'ஏசியன் அமெரிக்கன்' என்ற பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அரசு ஒட்டிய பெயரும் போராடியவர்கள் எடுத்துக்கொண்ட பெயரும் என் டிக்குக்குப் பின்னால் இருந்தன.

4. பிறரைக் காப்பாற்றுங்கள். உங்கள் கதையில் அம்மா வருவார், அண்ணன் வருவார். எழுதியதை வாசித்துக் காட்டி இசைவு கேளுங்கள். வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள்.

5. மறுபடி எழுதுங்கள். காட்சி, சாட்சி, வரலாறு மூன்றையும் பின்னிப் பாருங்கள்; முதல் வரைவு நிச்சயம் மாறும். படிவம் நிரப்பிய நாளிலிருந்து தயக்கத்தை நான் எடுத்துவிட்டேன். அது வந்தது பல மாதம் கழித்து, ஆசிய மாணவர்களின் கூட்டமொன்றில் கொரிய, வியட்நாமியத் தோழிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோது. என் கட்டுரை இப்போது அந்த அறையில் தொடங்குகிறது.