இல்லாத காலில் எரியும் வலி

கரிசல் காட்டு விவசாயி ஒருவர், சர்க்கரை நோயால் ஆறாத புண்ணின் காரணமாக இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். காயம் நன்கு ஆறிய பின்னரும் அவர் முகம் தெளியவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் அவருடைய மனைவிதான் சொன்னார்: "இல்லாத பெருவிரல் எரியுதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சே கிடக்காக, டாக்டர். வெளிய சொன்னா புத்தி பேதலிச்சிருச்சும்பாகன்னு பயப்படுதாக."

இது புத்திக் கோளாறு அன்று. மருத்துவம் இதனை மாய உறுப்பு வலி என்கிறது. உறுப்பை இழந்தோரில் பெரும்பாலோருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது.

நம் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் பெருமூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் அந்த இடம் அழிவதில்லை. நிலம் கைமாறிய பிறகும் பழைய பட்டாவில் பெயர் நிற்பதைப் போல. கை இழந்தவர்களை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர்கள், மூளையில் கைக்குரிய இடத்தை அண்டைப் பகுதி எந்த அளவு ஆக்கிரமித்ததோ அந்த அளவு வலியும் மிகுந்திருந்ததை 1995இல் வெளியிட்டனர். வரப்புத் தகராறு என்று நம் ஊரில் சொன்னால் உடனே புரியும். இவ்விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

இதற்கு மருந்தில்லாத ஒரு வழியைக் காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன். 1990களில் கலிபோர்னியாவில் அவர் பயன்படுத்திய கருவி ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். அது அசைவதைக் கண் காணும்போது, இறுக மூடிக் கிடந்த மாயக்கை விரிவதாகச் சிலர் உணர்ந்தனர்.

2007இல் அமெரிக்காவில் கால் இழந்தவர்களிடம் நடந்த சிறு ஆய்வில், நான்கு வாரம் நாள்தோறும் 15 நிமிடம் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவைத்துப் பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்கே குறைந்தது. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் கை இழந்தவர்களுக்கு வலி சராசரியாக நூற்றுக்கு 27 பங்கு தணிந்தது. வலி தணிந்தவர்களின் மூளைச் செயல்பாட்டிலும் மாற்றம் பதிவாயிற்று. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முறை எளிது. கட்டிலில் கால் நீட்டி அமர்ந்து, இரு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்துங்கள். அதன் முகம் நல்ல காலை நோக்கி இருக்கட்டும். கொலுசு, மெட்டி, கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். இல்லாத காலையும் அவ்வாறே அசைப்பதாக எண்ணுங்கள். உடனிருப்பவர் கண்ணாடி சாயாமல் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும். முதல் சில நாள் எங்கள் இயன்முறை மருத்துவர் முன்னிலையில் பழகுங்கள். தலைசுற்றலோ மனக்கலக்கமோ வந்தால் நிறுத்திவிடுங்கள். மாத்திரைகளைத் தாமாக விட்டுவிட வேண்டாம். வெட்டிய இடம் சிவந்தாலோ சீழ் கட்டினாலோ அது வேறு வலி, அன்றே வாருங்கள்.

அந்த விவசாயிக்கு எரிச்சல் முற்றும் அகலவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்குகிறார். பயிற்சி முடிந்ததும் அவர் மனைவி அதே கண்ணாடியைத் திருப்பி, வலக்காலின் உள்ளங்காலில் புதிய புண் ஏதும் உண்டா என்று பார்த்துவிடுகிறார். அது நான் சொல்லிக்கொடுத்ததன்று.