கடைசி மாத்திரைக்குப் பின்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதல் மாதங்களில் ஊசியும் முதுகுத் தண்டில் செலுத்தும் மருந்தும். பிறகு வீட்டிலேயே தினமும் மாத்திரை, இடையிடையே இரத்தப் பரிசோதனை. கன்னிவாடியிலிருந்து மதுரைக்கோ, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்கோ போய்வரும் நாளெல்லாம் கூலி இழந்த நாள்தான்.

மாத்திரை நிற்கப்போகிறது என்றதும் ஊரார் மகிழ்கிறோம். தாய்க்கோ அப்போதுதான் அச்சம் பிடிக்கிறது. இத்தனை நாள் மாத்திரை காவல் நின்றது, இனி? பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் அவளுக்குத் தூக்கமில்லை. இதை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். நோய் திரும்பக்கூடும் என்பதால்தான் மருத்துவர்களே பல ஆண்டுகள் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். "அதான் குணமாயிடுச்சே" என்றால் அவள் வாயடைத்துப் போவாள்.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் யாயிரின் மகள் எழுந்து நடந்ததும் பெற்றோர் மலைத்து நின்றார்கள். பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார் இயேசு. நாமும் அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோய், அவள் பேசுவதைக் கேட்கலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் இப்போது போக வேண்டாம். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி தேறச் சில மாதங்களாகும்.